சிவப்புச் சோடா

போத்தலில் சோடா குறைந்திருந்தது.

காலையில் சிவனேஸ்வரி தன் கையால் மூடி திறந்து, ஸ்ட்ரோ செருகி, சாமித்தட்டில் வைத்த போத்தல். அப்போது கழுத்துவரை இருந்த சிவப்புச் சோடா இப்போது பாதிதான் இருந்தது. ஸ்ட்ரோவின் நுனியில் ஒரு துளி விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, சோடாவைக் குடிச்சனீங்களோ?"

விஜயரத்தினம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குச் சுகர் எண்டது ஒரு வருசத்தில மறந்துபோச்சுதோ?"

ஒரு வருசம். எந்தப் பேச்சை எடுத்தாலும் கணவர் அங்கேதான் வந்து நிற்பார்.

ஆஸ்பத்திரி அலுவலக வேலை போனதும் மூன்று மாதம் என்று சொல்லித் தாய்லாந்துக்குப் போனவள் அவள். வடக்கே லம்பாங்கில், மாலீ என்பவளின் தேக்குமர வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தாள். விடியலில் வெறுங்காலோடு வரும் பிக்குகளுக்கு முழந்தாளிட்டுச் சோறிடவும், ஒட்டரிசியை மூங்கில் கூடையில் அவிக்கவும், பழைய கோயில் சுவர்ச் சித்திரங்களின் கதைகளைச் சொல்லவும் பழகினாள். ஐம்பது தாண்டிய பிறகு முதன்முறையாக யாருடைய ஷிப்டுக்கும் சமைக்காமல் நடந்து திரிந்தாள். மூன்று மாதம் ஒரு வருடமாயிற்று.

லண்டனில் தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பியபோது வீடு அவளுக்கு இடம் விடவில்லை. அலுமாரியில் அவளுடைய தட்டில் அவருடைய பஸ் டிரைவர் கோட்டுகள். கட்டிலின் நடுவில் படுக்க அவர் பழகியிருந்தார். விட்டுப்போன இடத்தைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அங்கிருந்து கொண்டுவந்த சின்னச் சாமி உருவத்தைச் சாமியறையில் வைத்ததுகூட, வீடு பழையபடி ஆகட்டும் என்றுதான்.

லம்பாங்கில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒற்றைத் தூணின் மேல் ஒரு சின்னக் கோயில் நிற்கும். உள்ளே விரலளவு உயரத்தில் பொன்பூசிய காவலர், கையில் வாள், தலையில் கூர்முடி. நிலத்தின் சொந்தக்காரர் அவர்தானாம். மனிதர்கள் வந்து வீடு கட்டியதால் வெளியே போக வேண்டி வந்தவர். அவர் கோபிக்காமலிருக்கச் சோறு வைப்பார்கள், ஊதுபத்தி கொளுத்துவார்கள், ஸ்ட்ரோ போட்டுச் சிவப்புச் சோடா வைப்பார்கள். வீட்டின் நிழல்கூட அவர்மேல் விழக்கூடாது. கோயில் பழுதாகிவிட்டால் அவரையும் அரசமரத்தடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அப்படி மழைச் சேற்றில் கிடந்த ஒருவரைத்தான் சிவனேஸ்வரி சால்வையால் துடைத்து எடுத்தாள். சாமியை யாராவது மரத்தடியில் எறிவார்களா? மாலீக்கு அவள் சொல்லவில்லை. லண்டன் மார்கழிக் குளிரில் அவரைக் கார்டனில் வைக்கவும் மனம் வரவில்லை. மாடியில், பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் நடுவே இடம் ஒதுக்கி விளக்கேற்றினாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு மணம் வந்தது. நனைந்த மண்ணும், அவள் கொளுத்தாத ஏதோ ஊதுபத்தியும், ஈர மரமும் கலந்த மணம். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் அவள் இருக்கும் பக்கம் மட்டும் சூடு வரவில்லை. அவள் உட்காரும் கதிரையின் குஷன் எந்நேரமும், யாரோ சற்றுமுன் எழுந்துபோனதுபோல, பள்ளம் விழுந்து கிடந்தது.

பிறகு பேச்சுக்குரல். குசினியில் விஜயரத்தினம் தாழ்ந்த குரலில், பணிவாக யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கேட்டறியாத பணிவு. கதவைத் திறந்தாள். அவர் மட்டும்தான் இருந்தார். மேசையில் ஆவி பறக்க இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகள்.

"ஆரோட கதைச்சனீங்கள்?"

"வீட்டுக்காரரோட."

"சொந்த வீட்டில இருக்கிறம். எங்களுக்கேது வீட்டுக்காரர்? பகிடியே விடுறியள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். டிக்கட் இல்லாமல் பஸ்ஸில் ஏறியவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"நீர் எப்ப போறீர்?" என்றார்.

"எங்க போறது?"

இரண்டாவது கோப்பையை அவள் எடுக்கப் போனாள். "அது உமக்கில்லை" என்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

அன்று பின்னேரம் கட்டிலில் போர்த்தியபடி சாமியறைப் படத்தை மாலீக்கு அனுப்பினாள். உடனே குரல் செய்தி வந்தது. மாலீயின் குரலில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்கா, ஏன் உள்ளே வைத்தாய்? அவர் உள்ளே என்றால், வெளியே போவது யார்? இருட்டுவதற்குள் அவரை வெளியே வை."

ஜன்னலைப் பார்த்தாள். நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது.

சாமியறைக்கு ஓடினாள். பிள்ளையார் இருந்தார், அம்மன் இருந்தாள், நடுவில் வெறும் சாம்பல். சாம்பலில் இரண்டு சின்னப் பாதச் சுவடுகள். கம்பளத்திலும் இருந்தன. அறை வாசலில் குழந்தையின் பாதமளவு. படிக்கட்டில் பையனின் பாதமளவு. கீழே, கூடத்தில், வளர்ந்த ஆணின் பாதம், விரல்கள் விரிந்து ஆழப் பதிந்திருந்தன.

சுவடுகள் குசினியைக் கடந்து போயின. பின்கதவு திறந்திருந்தது.

போய்விட்டார். தானாகவே வெளியே போய்விட்டார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நிச்சயப்படுத்திக்கொள்ளக் கார்டனில் கால் வைத்தாள். போன் வெளிச்சத்தைப் புல்லில் அடித்தாள்.

ஈரப் புல்லில் ஒரு சுவடுமில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

"இஞ்சேருங்கோ! கதவைத் திறவுங்கோ!"

குசினி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். மேசையில் விஜயரத்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே, அவளுடைய கதிரையில், முதுகைக் காட்டியபடி யாரோ. கதிரைக்கு மேலே கூரான பொன்முடி. அது மெல்ல அசைந்தது. மெல்லுகிற அசைவு.

கண்ணாடியில் அடித்தாள். சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். சத்தமே இல்லை.

குளிர். பிறகு குளிருமில்லை.

கால்கள் பின்னுக்குப் போயின. அவளைக் கேட்காமல். புல்லின்மேல், வேலிவரை, வீட்டின் நிழல் முடிகிற மூலைவரை. அங்கே நின்றன. அதற்குப் பிறகு ஓரடிகூட முன்னே வைக்க ஏலவில்லை.

கதவு திறந்தது.

விஜயரத்தினம் தட்டோடு வந்தார். லம்பாங்கில் அவள் வாங்கிய சேவல் படம் போட்ட கிண்ணத்தில் சோறு. ஒற்றை ஊதுபத்தி. ஒரு போத்தல். அவள் காலடியில் வைத்துவிட்டு முழந்தாளிட்டார். அவர் கண்கள் அவள் முகத்துக்கு மேலே, இருட்டில் எதையோ தேடின.

"என்னப்பா... நான்..."

அவர் கைகூப்பினார்.

"உமக்குரியதை நாங்கள் வைக்கிறம். கோபியாதேயும். உள்ள மட்டும் வந்திடாதேயும்."

கதவு மூடியது. ஜன்னலில் திரை விழுந்தது.

சோற்றின் ஆவி எழுந்தது. அவளுக்குப் பசித்தது. அப்படியொரு பசியை அவள் உயிரோடு இருந்த காலத்தில் அறிந்ததில்லை. குனிந்தாளா என்று தெரியவில்லை. வாயில் ஸ்ட்ரோவின் நுனி பட்டது.

போத்தலில் சிவப்புச் சோடா குறையத் தொடங்கியது.