உண்ணி எடுப்பவன்

தையல் மெஷின் மேல் அடுக்கி வைத்திருந்த ஐந்து சட்டைகளிலும் ஒரு பொத்தான்கூட இல்லை. நேற்றுத்தான் அவள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் பொத்தான் வைத்துத் தைத்து முடித்திருந்தாள். இப்போது அந்த இடங்களில் நூல் பிசிறு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதிலிருந்து குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. அடியில் கறுப்பாக ஒரு குவியல்.

"எல்லாத்தையும் கொன்னுட்டேன்," என்றான் கணவன். சுவரோரம் குந்தியிருந்தான். பெரிய வேலையை முடித்தவனின் நிம்மதி முகத்தில் இருந்தது.

அவன் சர்வேயர். மூன்று வாரத்துக்கு முன் காட்டோரம் நிலம் அளந்துவிட்டு வந்தபோது முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டே பிடுங்கி எறிந்தான். அந்தக் காட்டுத் துணிகளை வாரிச் சுருட்டித் துவைத்தவள் அவள். பிறகு அவனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். விட்டது. நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டான், அவளைக் கேலி செய்தான். சனியன் ஒழிந்தது என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில் தலைவலி வந்தது. வெளிச்சம் கூசுகிறதென்று ஜன்னல்களுக்கெல்லாம் துணி கட்டினான். பட்டப்பகலில் வீடு சாயங்காலமாகக் கிடந்தது.

அவளுக்குக் காலையிலிருந்து பாதம் மரத்திருந்தது. மெஷின் மிதித்த அசதி என்று நினைத்தாள். மதியம் எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே அவளுடையது என்று எதுவுமே இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கும். உங்க காலும் சும்மா விழல. உடம்புல எங்கயோ உண்ணி ஒட்டிக்கிட்டிருக்கு. அது இருக்கிறவரைக்கும் ஒவ்வொண்ணா விழும், கடைசியில மூச்சும். முடிக்குள்ள தேடுங்க. எடுத்துட்டா சரியாயிடும். நான் வண்டியோட வர்றேன்."

தேடினாள். வலது காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், பட்டாணி போல வழவழவென்று ஒன்று. கிள்ளி இழுக்க விரல்களைச் சேர்த்தாள். சேரவில்லை. கை நழுவி மடியில் விழுந்தது. போன் தரையில் விழுந்தது.

"உன் மேலயும் இருக்கா?" என்றான் கணவன்.

அவன் எழுந்தான். தன் முன்னங்கையைத் திருப்பிக் காட்டினான். மச்சம் இருந்த இடமெல்லாம் சதை தோண்டிக் கிடந்தது. மற்ற கையில் அவளுடைய துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். அவள் உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே," என்று மெதுவாகக் கூப்பிட்டபடி உள்ளே வந்தான் தம்பி. இருட்டுக்குக் கண் பழகாமல் நின்றான். "அதைக் கீழ வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"உன் கழுத்துல ஏறுதுடா."

குனிந்து பார்த்தான் தம்பி, அவ்வளவுதான். தடித்த துணியில் கத்தரி இறங்கும் சத்தம் அவளுக்குப் பழகியது. அதே சத்தம். ஒரு முறை. இன்னொரு முறை. தம்பி கதவைப் பிடித்தான், கதவு சிவந்தது. முட்டி மடங்கி உட்கார்ந்து, ஏதோ கேட்க வருபவன் போல வாயைத் திறந்து, அப்படியே சாய்ந்தான். குதிகால் தரையை நாலைந்து தடவை உதைத்தது. நின்றது.

அவள் அலறினாள். கொழகொழவென்று காற்றுதான் வந்தது. நாக்கும் போய்விட்டிருந்தது.

அவன் அவள் முன்னால் மண்டியிட்டான். ஈரக் கையால் தலையைக் கோதினான். அன்பாகத்தான் தேடினான். கழுத்து. பிடரி. காது. விரல் அந்தப் பட்டாணி மேல் ஏறி இறங்கிப் போனது.

அதுதான். அங்கேதான். என்னங்க.

ஒரு சொல்லும் வரவில்லை. மூச்சு நெஞ்சின் பாதிவரைதான் இறங்கியது.

அவன் அவள் முகவாயை நிமிர்த்தினான். உற்றுப் பார்த்தான்.

"தோ இருக்கு. ரெண்டு. கறுப்பா, குண்டா."

இமையை மூடப் பார்த்தாள். தானாகச் சரிந்திருந்த இமை முழுசாக மூடவும் இல்லை. அவன் கட்டைவிரல் அதை மேலே தூக்கிப் பிடித்தது.

"ஆடாம இரு, கண்ணு."

அவள் ஆடவில்லை. கத்தரியின் நுனி பெரிதாகி, மங்கி, பார்வை முழுவதையும் அடைத்தது. அதிலிருந்து ஒரு சொட்டு, இன்னும் சூடு ஆறாமல், அவள் கன்னத்தில் விழுந்தது.