மூட்டத்துக்கு மேலே பதினெட்டு கிலோமீட்டர்

“யாருங்க அது... எங்க கரிமூட்டத்த அணைக்கணும்னு சொன்னது?”

பரளச்சிச் சாலையோரம் நின்ற வேனின் கதவை ரோஷினி ஓங்கித் தட்டினாள். இறங்கி வந்தவன் கோகுல். மல்லாங்கிணற்றுக்காரன், லேசர் ஒளியை வானில் பாய்ச்சி, உயரத்தில் மிதக்கும் தூசியை அளக்கும் ஆராய்ச்சியாளன்.

“அணைக்கச் சொல்லலங்க... ஆகாசம் மங்கலா இருக்கே, கரிமூட்டப் புகையாத்தான் இருக்கும்னு டீக்கடையில சொன்னேன்.”

“அது டீக்கடையோட நிக்கலையே! சாயங்காலம் வானம் இப்படிச் செவந்து கெடக்குறதுக்கே நாங்கதான் காரணம்னு ஊரே சொல்லுது. நாளைக்கு ஊர்க்கூட்டம் போட்டு அணைக்கப் போறாகளாம். எரியிற மூட்டத்துல தண்ணிய ஊத்துனா கரியும் ஆகாது, வெறகும் ஆகாது. எங்கப்பாரு என்ன செய்வாரு?”

அவன் அவள் கண்களையே பார்த்தான். அவளுக்குள் ஏதோ நழுவியது... சீ, சண்டைக்கு வந்த இடத்தில் இதென்ன! இனி இவன் முகத்தில் முழிக்கவே கூடாது. விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். கூட்டத்தின் நடுவே அவள் அப்பா பூமிநாதன் தலைகுனிந்து நின்றபோது, அந்த வேன் வந்து நின்றது. கோகுல் இறங்கினான்.

“எல்லாரும் கொஞ்சம் இங்கிட்டு வாங்க. வேன் மேல மட்டும் யாரும் ஏறாதீங்க, லேசர் ஒளி கண்ணுக்கு ஆகாது.”

வேனின் கூரையிலிருந்து பச்சைக் கோடொன்று நெட்டுக்குத்தாக வானில் ஏறியது. கூட்டம் வாயைப் பிளந்தது. கோகுல் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“அடியில இருக்க கீத்துதான் மூட்டப் புகை. அரைக் கிலோமீட்டர்கூட ஏறல. அதுக்கு மேல சுத்தமா இருக்கு. அந்தா... பதினெட்டு கிலோமீட்டர் உசரத்துல இன்னொரு கீத்து! கடலுக்கு அங்கிட்டு வெடிச்ச எரிமலையோட தூசி. வானத்தச் செவக்க வச்சது அதுதான்.” அவன் குரல் தணிந்தது. “அளக்காம வாய விட்டது என் தப்பு. மன்னிச்சுக்கிருங்கய்யா.”

ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி சிரித்துவிட்டார். “எரிமலைக்குத் தண்ணி ஊத்த நம்மகிட்ட லாரி இல்லப்பா... கலைங்க, கலைங்க!”

பூமிநாதன் நிமிர்ந்தார். யாரோ கைதட்ட, ஊரே தட்டியது. ரோஷினிக்குக் கண் நிறைந்தது... ஊர் முன்னால் தன் தப்பைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

கூட்டம் கலைந்ததும் வேனருகே வந்தாள்.

“சரி... நேத்து ஏன் அப்படிப் பாத்தீக?”

“பிடிச்சிருந்துச்சு.” அவன் தடுமாறினான். “இன்னைக்கு... இன்னும் கூடப் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கு?”

செவ்வானம் முழுக்க அவள் கன்னத்தில் இறங்கியிருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை.

“எனக்கும்தான். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்... நீங்க ஒங்க வீட்டுல சொல்லிட்டு, அவுகளக் கூட்டிக்கிட்டு வாங்க.”