மீரா சாகிபுவின் யானைக் காசு

சேரன்மகாதேவியில் யுத்தத்தின் சத்தம் கேட்கவில்லை. யுத்தத்தின் காசுதான் வந்து சேர்ந்தது.

முதல் உலக யுத்தத்துக்காகக் கடல் கடந்து போன சிப்பாய்களும் கழுதை ஓட்டிகளும் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பைகளின் அடியில் அந்நிய நாட்டுக் காசு ஒன்றிரண்டு கிடந்தது. கடையில் அதற்கு ஒரு கத்தரிக்காய்கூடக் கிடைக்காது. அதனால் ஒரு வீட்டில் அது குழந்தையின் அரைஞாணில் தொங்கியது. இன்னொரு வீட்டில் ஆடுகிற பெட்டிக்கு முட்டுக் கொடுத்தது.

அந்தக் காசுகளை மதித்தவள் யூனிஸ் ஒருத்திதான். அவளுக்குப் பதினொரு வயது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வேதநாயகத்தின் மகள்.

அவளுடைய மாமா ஞானையா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலையில் இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு முறை லீவில் வந்தபோது, கனமான பித்தளைக் காசு ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இது பீரங்கிக் குண்டோட ஓடு, தெரியுமா? அங்கன ஜெர்மன்காரனுக்குக் கடல் வழி அடைபட்டுப் போச்சு. காசும் தீர்ந்து போச்சு. ரயில் பட்டறையில வச்சு, சுட்ட குண்டோட பித்தளையை வெட்டிக் காசு அடிச்சுட்டான்."

"பித்தளை மட்டுந்தானா மாமா?"

"தங்கத்துலயும் கொஞ்சம் அடிச்சான். அதுல யானை இருக்கும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கண்ணால பார்த்தேன்."

மாமா அடுத்து பாஸ்ரா போர்முனைக்குப் போய்விட்டார். யூனிஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிட்டாள். யார் வீட்டில் யுத்தக் காசு இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும் போய் நிற்பாள். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் பையத் தேய்ப்பாள். காசிலுள்ள கிரீடம், எழுத்து, கீறல் எல்லாம் காகிதத்தில் அப்படியே எழும்பி வரும். பக்கத்தில் யாருடைய காசு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிக்கொள்வாள்.

"வேணும்னா நீயே வச்சுக்கோ புள்ள" என்று சிலர் சொன்னதுண்டு. யூனிஸ் வாங்க மாட்டாள். "காசு உங்களோடது. படம் மட்டும் எனக்குப் போதும்" என்பாள்.

பத்தமடையில் மஹ்மூதா பீவி வீட்டில்தான் அவள் அந்த யானையைப் பார்த்தாள்.

மஹ்மூதா பீவியின் கணவர் மீரா சாகிபு, ஆப்பிரிக்காவில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய பை மட்டும் தபாலில் வீட்டுக்கு வந்தது. பைக்குள் ஓர் இடைவார், ஒரு சீப்பு, ஒரு சிறிய காசு.

காசின் ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் துதிக்கையைத் தூக்கிய யானை, அதன் பின்னால் மலை. யானையின் பின்னங்காலருகே ஒரு பள்ளம். யூனிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது தங்கம். எங்க மாமா சொல்லியிருக்காரு."

மஹ்மூதா பீவி காசை வாங்கித் துணியில் முடிந்துகொண்டார். "தங்கமோ தகரமோ, அவுக கைபட்டது" என்றார்.

யூனிஸ் அந்தப் படத்தின் கீழே எழுதினாள்: 'மஹ்மூதா பீவி, பத்தமடை. தங்கம்.'

இதெல்லாம் நடந்து சில வாரங்கள் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாக்கியசீலன் அவளைக் கூப்பிட்டார். மிஷன் கோவிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர். பட்டாளத்துக்கு அரிசி அனுப்பிப் பெரிய பணக்காரர் ஆனவர். பள்ளிக்கூடத்தின் பாதிக் கூரைக்கு ஓடு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஏதோ காசுப் புஸ்தகம் வச்சிருக்கியாமே? கெட்டிக்காரி. ரெண்டு நாள் கொடு, பார்த்துட்டுத் தாரேன்."

ஊர்ப் பெரிய மனிதர் தன்னுடைய நோட்டைக் கேட்கிறாரே என்று யூனிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தாள். அவரும் சொன்னபடியே இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை யூனிஸ் பத்தமடைக்குப் போனாள். எப்போதும் "வா புள்ள" என்று வரவேற்கும் மஹ்மூதா பீவி, பாதி முடைந்த பாயின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி அலி அக்பர்தான் பேசினார்.

"காசு போயிட்டு."

"எங்க போச்சு?"

"பாக்கியசீலன் அண்ணாச்சி ரெண்டு ஆளோட வந்தாரு. ஒரு காகிதத்தைப் படிச்சாரு. எதிரி நாட்டுக் காசு வீட்டுல இருந்தா ஆறு மாசம் ஜெயிலாம். சர்க்கார் உத்தரவாம்."

"அது தங்கம்னு நான் சொன்னேனே அக்கா."

"அவருகிட்டயும் சொன்னேன் புள்ள" என்றார் மஹ்மூதா பீவி. "அவரு சிரிச்சாரு. வெறும் பித்தளை, உன் நல்லதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்னாரு. பெரிய மனுசர் சொல்லும்போது நான் என்னத்த பேச? இடைவாரும் சீப்புந்தான் இருக்கு. அதையும் கேப்பாரோன்னு ஒளிச்சு வச்சிருக்கேன்."

யூனிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷனை இழந்த ஒருத்தி, அவருடைய இடைவாரை ஒளித்து வைக்க வேண்டுமா?

திரும்பி வரும் வழியில் அவள் வீடு வீடாக விசாரித்தாள். சிப்பாய் ஜெபகனியின் காசு போயிருந்தது. ஒரு குழந்தையின் அரைஞாணையே அறுத்துக் காசை எடுத்திருந்தார்கள். மஹ்மூதா பீவி வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளில் காசு இல்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் கிருபைராஜ் வீட்டில் மட்டும் காசு பத்திரமாக இருந்தது.

"இங்க யாரும் வரலியே" என்றார் கிருபைராஜ்.

யூனிஸ் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நோட்டைப் பிரித்தாள். அந்த ஐந்து வீடுகளும் அதில் இருந்தன. கிருபைராஜ் வீடு இல்லை. அங்கே போன அன்றைக்குப் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

ஆக, திருடனுக்கு வழிகாட்டியது அவளுடைய நோட்டுதான்.

வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் தடுமாறித் தடுமாறி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேதநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"நிஜமாவே உத்தரவு இருக்கலாம்லா, யூனிஸ்?"

"அப்படின்னா கிருபைராஜ் அண்ணன் வீட்டுக்கு ஏன் வரல? நம்ம வீட்டுல மாமா கொடுத்த காசு இருக்குன்னு ஊருக்கே தெரியும். நம்மகிட்ட ஏன் கேக்கல?"

"அவரு பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டவரு."

"ஓடு போட்டா ஊரான் வீட்டுக் காசை எடுத்துக்கலாமாப்பா? அவரு என் நோட்டைப் பார்த்துத்தான் போயிருக்காரு. தங்கம்னு நான் எழுதினதைப் படிச்சுட்டு, அந்த அக்காகிட்ட பித்தளைன்னு சொல்லியிருக்காரு."

வேதநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அன்றைய பத்திரிகையை எடுத்து அவள் முன்னால் விரித்தார். யுத்தம் முடிந்ததைக் கொண்டாட அம்பாசமுத்திரத்தில் சமாதான விழா. யுத்தப் பொருட்காட்சி உண்டு. பாக்கியசீலன் 'பெரும் பொருட்செலவில் சேகரித்த' நாணயங்களும் காட்சிக்கு வருகின்றன.

"அலி அக்பர்கிட்ட வண்டி இருக்குல்லா?" என்று கேட்டார்.

விழா அன்று அந்த மாட்டுவண்டியில், ஜெபகனியும் காசைப் பறிகொடுத்த மற்றவர்களுமாக எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். மஹ்மூதா பீவி வெள்ளைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு, வழிநெடுக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "என்னைப் பிடிச்சுற மாட்டாங்களே?"

"பிடிச்சா எங்கப்பாவையும் சேர்த்துப் பிடிக்கட்டும்" என்றாள் யூனிஸ். வேதநாயகம் இருமினார்.

பந்தலுக்குள் பாக்கியசீலனின் கண்ணாடிப் பெட்டி நடுநாயகமாக இருந்தது. பச்சைப் பட்டுத் துணியின் மேல் காசுகள் வரிசையாக இருந்தன. அவர் சரிகைத் தலைப்பாகையோடு பக்கத்தில் நின்று, தாசில்தார் திருஞானசம்பந்தத்துக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

யூனிஸ் கூட்டத்தில் நுழைந்து பெட்டியருகே போனாள். யானைக் காசின் கீழே ஒரு சீட்டு இருந்தது. மஹ்மூதா பீவிக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே யூனிஸ் அதைப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் உரக்கப் படித்தாள்.

"ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. பதினைந்து ரூபாய்க் காசு. அசல் தங்கம்."

"தங்கமா?" என்றார் மஹ்மூதா பீவி.

பாக்கியசீலன் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

யூனிஸ் தாசில்தாரைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, ஒரு சந்தேகம். எதிரி நாட்டுக் காசு வச்சிருந்தா ஆறு மாசம் ஜெயிலா?"

"யார் சொன்னது? அப்படி உத்தரவு எதுவும் எனக்கு வரலியே" என்றார் தாசில்தார்.

"நல்லவேளை. பெட்டி நிறைய வச்சிருக்காரே, அண்ணாச்சிக்கு எத்தனை ஆறு மாசம் போடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. "என்ன விஷயம்? தெளிவா சொல்லு" என்றார்.

"விளையாட்டுப் பிள்ளை, ஐயா. நம்ம வாத்தியார் மக" என்று பாக்கியசீலன் குறுக்கே வந்தார். "எல்லாம் நான் விலைகொடுத்து வாங்கினது. வாத்தியாரே, பிள்ளையைக் கூட்டிட்டுப் போம். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பாதிக் கட்டடம் பாக்கி இருக்கு வே, மறந்துறாதீரும்."

எல்லாரும் வேதநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் மகளின் பக்கத்தில் போய் நின்றார்.

"மீதிப் பள்ளிக்கூடம் ஓலையிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி. என் மகள் சொல்லுதது உண்மை."

யூனிஸ் நோட்டைத் தாசில்தாரிடம் நீட்டினாள். "ஐயா, இதெல்லாம் போன மாசம் நான் தேய்ச்ச படம். இந்த யானையோட பின்னங்காலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு. பெட்டியில இருக்கிற யானையைப் பாருங்க. இந்தப் பித்தளைக் காசுல கிரீடத்துக்கு மேல ரெண்டு கீறல். அது ஜெபகனி அண்ணனோடது. அண்ணாச்சி இந்த நோட்டை வாங்கிட்டுப் போயித்தான் ஒவ்வொரு வீடா ஏறி இறங்கியிருக்காரு."

தாசில்தார் பெட்டியைத் திறக்கச் சொன்னார். காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோட்டோடு ஒப்பிட்டார். ஐந்தும் பொருந்தின. பிறகு மஹ்மூதா பீவியைப் பார்த்து, "அம்மா, இதுக்கு இவரு என்ன விலை கொடுத்தாரு?" என்று கேட்டார்.

"ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துதேன்னாரு. அதுதான் விலை" என்றார் மஹ்மூதா பீவி.

தாசில்தார் பாக்கியசீலனின் பக்கம் திரும்பினார்.

பாக்கியசீலன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். ஏதோ தவறுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்றார். தன்னுடைய ஆட்கள் அதிகப்படியாகப் பேசியிருக்கலாம் என்றார். சர்க்கார் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியதற்கு நாளைக் காலை தாலுகா ஆபீசுக்கு வந்து எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்று தாசில்தார் சொன்னதும், விறுவிறுவென்று வெளியே போய்க் குதிரை வண்டியில் ஏறிவிட்டார்.

"மன்னிப்பு ஒண்ணும் கேக்கலியே அப்பா" என்றாள் யூனிஸ். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"கேக்கலதான்" என்றார் வேதநாயகம். "எனக்கும் கோபமாத்தான் இருக்கு."

காசுகள் அவரவர் கைக்கு வந்தன. பச்சைப் பட்டுத் துணி மட்டும் பெட்டிக்குள் வெறுமையாகக் கிடந்தது. தாசில்தார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இன்னைக்கு ஒருநாள் மட்டும் உங்க காசை இங்கன வைக்க உங்களுக்குச் சம்மதமா? இஷ்டம் இல்லன்னா வேண்டாம்."

ஜெபகனி உடனே தலையாட்டினார். மஹ்மூதா பீவி காசை உள்ளங்கையில் வைத்து இறுக மூடியிருந்தார்.

"வைக்கேன். ஆனா அந்தச் சீட்டு வேண்டாம். யூனிஸு, நீ வேற எழுது."

"என்ன எழுத, அக்கா?"

அவர் சொல்லச் சொல்ல யூனிஸ் எழுதினாள். எழுதியதை மூன்று முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மஹ்மூதா பீவி காசைப் பெட்டிக்குள் வைத்தார்.

'பத்தமடை மீரா சாகிபு ஆப்பிரிக்காவில் கழுதை ஓட்டியவர். ஒரு கழுதையையும் அடித்ததில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுவர நினைத்த காசு இது.'

சாயங்காலம் வரை மஹ்மூதா பீவி அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. காசை மட்டும் பார்த்துவிட்டு யாராவது கிளம்பினால், "நில்லுங்க, சீட்டையும் படிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.