மிதந்த ஆட்சேபனை

ஏரியில் ஒரு மனிதர் மிதந்தார்!

மல்லாந்து. கைகள் இரண்டும் விரிந்து. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் தண்ணீரில் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது...

கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த பெண் வீறிட்டாள்.

அன்று காலையே, நகரமைப்பு அலுவலகத்தில் விசாரணை.

சுவரில் நகரத்தின் வரைபடம். நீர்நிலைக்கு நீலம். குடியிருப்புக்கு மஞ்சள். அந்த ஏரியின் நீலத்தை மஞ்சளாக்கக் கேட்டு பில்டர் மனுப் போட்டிருந்தார். நிறம் மாறினால் ஏரியை நிரவலாம். நிரவினால் அடுத்த மழைக்குப் பள்ளத்துத் தெருக்கள் அத்தனையும் முழுகும்.

ஆட்சேபித்தவர் ஒரே ஒருவர். பள்ளத்துத் தெருப் பெரியவர்.

அவருடைய நாற்காலி காலியாக இருந்தது!

"ஆட்சேபனை பண்ணினவர் நேர்ல வரணும். வரலேன்னா தள்ளுபடி. உங்க விதிதானே மேடம்?" பில்டர் குளிர்ச்சியாகச் சிரித்தார்.

விதி அதுதான். திட்ட அதிகாரி வேண்டாவெறுப்பாகப் பேனாவைத் திறந்தாள்.

செல்போன் அலறியது.

கேட்டாள். நிறைய நேரம் கேட்டாள். வைத்தபோது அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"இன்ஸ்பெக்டர் வர்றார். கொஞ்சம் இருங்க."

வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பெரியவரை ஏரியிலேருந்து தூக்கினோம் சார்."

"அடப் பாவமே!" பில்டர் உச்சுக்கொட்டினார். "வாக்கிங் போனவர் வழுக்கி விழுந்திருப்பார். நீச்சலும் தெரியாது போலிருக்கு. விதி சார், யார் என்ன பண்றது? மேடம்... அந்தக் கையெழுத்து..."

"போடறேன். ஒரு சின்ன சந்தேகம். அங்க சொட்டுத் தண்ணி கிடையாது, வெறும் தரைன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. வெடிச்ச மண்ணை போட்டோ வேற எடுத்து ஒட்டியிருக்கீங்க."

"ஆமா..."

"தண்ணியே இல்லாத இடத்துல ஒருத்தர் எப்படி சார் முழுகுவார்?"



இன்ஸ்பெக்டர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டார்.

"எனக்கும் அதே குடைச்சல்தான். வெறும் தரைன்னா, அவரை வேற எங்கயோ முக்கியெடுத்துக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. அவர் வராம போனா யாருக்கு லாபம்னு தேடினா, சுத்திச் சுத்தி உங்க வாசல்லதான் வந்து நிக்கணும். தண்ணி இருந்தா? வழுக்கி விழுந்த கேஸ். ஃபைலை மூடிட்டுப் போயிடுவேன். சொல்லுங்க... தண்ணியா, தரையா?"

பில்டரின் பார்வை வரைபடத்துக்கும் இன்ஸ்பெக்டரின் இடுப்பில் தொங்கிய விலங்குக்குமாக அலைந்தது.

ஏரியா? கழுத்தா?

"த... தண்ணிதான் சார்."

"எவ்வளவு?"

"ரெண்டாள் ஆழம்! எப்பவும் நிக்கும்! போட்டோ போன பஞ்சத்துல எடுத்தது..."

"அதை அப்படியே எழுதிக் குடுங்க."

எழுதினார். வியர்வை தாளில் சொட்டியது. அதிகாரி அதை வாங்கிப் படித்தாள். மனுவின் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

"நீர்நிலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. மனு தள்ளுபடி."

"போய்த் தொலையட்டும்! நான் கிளம்பலாமா?"

"அதெப்படி? இன்னும் ஆட்சேபனையைக் கேக்கலையே."

"யார்கிட்ட? செத்தவர்கிட்டயா?"

இன்ஸ்பெக்டர் காதைக் குடைந்தார். "தூக்கினோம்னுதானே சொன்னேன்? செத்தார்னு எப்ப சார் சொன்னேன்?"

கதவு திறந்தது!

தலையில் கட்டு. தோளில் ஆஸ்பத்திரிப் போர்வை. பெரியவர்!



"நீச்சல் தெரியாதாமே எனக்கு?" பெரியவர் தன் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். "ரிட்டயர் ஆகற வரைக்கும் நீச்சல் வாத்தியார் தம்பி நான். உங்க டிரைவர் மண்டையில போட்டுத் தள்ளிவிட்டான். மல்லாந்து, மூச்சைப் பிடிச்சு, கட்டை மாதிரி கிடந்தேன். சின்னப் பசங்களுக்கு முதல் நாள் சொல்லிக்குடுக்கற பாடம். அவன் கரையில நின்னு 'முடிஞ்சுது முதலாளி'ன்னு உங்களுக்கு போன் பண்ணினது கணீர்னு கேட்டுது. அந்தம்மா கத்தினப்புறம்தான் ஓடினான்."

"ஓடினவன் இப்ப ஸ்டேஷன்ல இருக்கான். நல்லாப் பாடறான் சார்... கேட்டுட்டே இருக்கலாம்."

"அநியாயம்! எனக்கு ஆட்சேபனை இருக்கு!" பில்டர் அலறினார்.

இன்ஸ்பெக்டர் விலங்கைப் பூட்டினார்.

"தாராளமா சொல்லுங்க சார். நேர்ல வந்துதான் சொல்லணும்... அதனால கோர்ட்டுக்கு நாங்களே கூட்டிட்டுப் போறோம்!"