எழுபத்தொன்றில் நின்றது

கம்ப்யூட்டர் மறுபடியும் எழுபத்தொன்றில் நின்றுவிட்டது.

சிலுவைராஜ் அதை மூன்றாவது தடவையாக அணைத்துப் போட்டிருந்தான். மூன்று தடவையும் கறுப்புத் திரையில் அதே வெள்ளை எழுத்துதான். டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், பொறுத்திரு என்று இங்கிலீஷில் ஒரு வரி, பக்கத்தில் சதவிகிதம். பத்து, முப்பது, அறுபது என்று மளமளவென ஏறி, எழுபத்தொன்றுக்கு வந்ததும் நடுரோட்டில் மாடு படுத்த மாதிரி படுத்துவிடும். இந்தத் தடவை முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, யாரோ உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுவதுபோல. வேறு எந்த எண்ணில் நின்றிருந்தாலும் அவன் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

உடும்பஞ்சோலைக்கு மேலே இருக்கிற அந்த ஏலத்தோட்டத்தில் அவன் பதினாறு வருஷமாக ரைட்டர். வேலைக்கு வந்தவர்களின் ஆஜரைப் பதிவது அவன் வேலை. பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஜூலை பதினெட்டாம் தேதி இருட்டுகிற நேரத்தில், மலை சரிந்து கீழ் லயத்தை வாரிக்கொண்டு போனது. தொழிலாளர்கள் குடியிருந்த பத்து ஓட்டு வீடுகள். தேட வந்தவர்கள் ஆபீஸ் பதிவேட்டைத்தான் கேட்டார்கள். கீழ் லயத்தில் எழுபத்தொரு பேர். உயிரோடு ஐம்பத்தெட்டு, பிணமாகப் பதின்மூன்று. ஆள் சரியாக இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டு நாலாம் நாள் ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கீழ் லயத்தில் இருந்தது எழுபத்திரண்டு பேர். அது சிலுவைராஜுக்குத் தெரியும்.

லயத்து வீடு ஆளுக்குக் கிடையாது, பேருக்குத்தான். பதிவேட்டில் பேர் இருந்து, அந்தப் பேரில் தினமும் வேலைக்கு ஆள் வந்தால்தான் வீடு. செபமாலையம்மாளுக்கு முழங்கால் போனதும், தாய் தகப்பன் இல்லாத தங்கச்சி மகள் அஞ்சுவைக் கூட்டிக்கொண்டுவந்து தன் பேரில் வேலைக்கு விட்டாள். இது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். கைரேகை மெஷின் வந்தபோது சிலுவைராஜ் பெரியம்மா பேரில் அந்தப் பத்தொன்பது வயசுப் பெண்ணின் கட்டைவிரலைப் பதிந்து கொடுத்தான். உபகாரம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்காகக் கிறிஸ்துமஸுக்கு வந்த நாட்டுக்கோழியை மட்டும் மறந்துவிட்டான்.

மலை சரிந்த அன்று செபமாலையம்மாள் போடி ஆஸ்பத்திரியில் இருந்தாள். மறுநாள் வந்தாள், உயிரோடிருப்பவர்களில் ஒருத்தியாக டிக் வாங்கினாள். அஞ்சுவை அறிந்த பக்கத்து வீடுகள் மண்ணோடு போய்விட்டன. மிச்சமிருந்தவர்களிடம், அன்று வேலை விட்டதும் அவள் பெரியம்மாவைப் பார்க்கப் போடிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள் என்று சொன்னது சிலுவைராஜ்தான்.

இன்று காலையில் கிழவி பள்ளிக்கூட முகாமிலிருந்து மழையில் நனைந்துகொண்டே ஆபீசுக்கு வந்திருந்தாள்.

"ரைட்டரய்யா, ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன். புள்ள மண்ணுக்குள்ள கெடக்கு. ஒரு வார்த்த சொல்லுங்க, இன்னொருக்கா தோண்டட்டும்."

"சொல்லலாம். அப்புறம் ஒனக்கு வீடு கெடையாது, எனக்கு வேல கெடையாது. ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோமா?"

"எனக்கு வீடே வேண்டாம்யா."

"எனக்கு வேல வேணும். போ."

அவள் போய்விட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து மெஷின் பதிவை நகல் எடுக்க வருகிறார்கள். ஜூலை பதினெட்டு, மாலை 5.02, செபமாலையம்மாள் என்று அதில் ஒரு வரி இருக்கிறது, அஞ்சு வேலை விட்டுப் போகும்போது வைத்த விரல். போடியில் படுத்திருந்தவளின் விரல் இங்கே எப்படி வந்தது என்று ஒருத்தன் கேட்டால் போதும். அந்த வரியை இன்றைக்கே அழிக்க வேண்டும். அதற்கு இந்தச் சனியன் கண் திறக்க வேண்டும்.

நெடுங்கண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜோஸுக்குப் போன் போட்டான்.

"ஓஃப் பண்ணாதே சேட்டா, டிஸ்க் அடிச்சுப் போகும்," என்றான் ஜோஸ். "அதில வேற எந்தா கனெக்ட் பண்ணி இருக்கு?"

"கைரேகை மெஷின்."

"அப்போ அதுதான். அந்தக் கேபிள ஊரி எடு. ஒரு தடவ மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. பின்ன தொடாதே. வெயிட் பண்ணு."

மெஷின் வெளி வராந்தாச் சுவரில் இருந்தது. அதன் கேபிள் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. அதைப் பிடுங்கினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மழை ஒரே சீராகத் தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனாலும் மூடுபனி ஏலச்செடிகளை விழுங்கி, வராந்தாத் தூணை விழுங்கி, ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. பூட்டிக் கிடந்த ஆபீசின் பழைய காகித வாடைக்கு நடுவே புதிதாக ஒரு வாடை வந்தது. தோண்டிய மண். அடி மண், வெயிலே காணாதது. அதோடு பச்சை ஏலக்காய் வாடை, எடுப்புக்காரப் பெண்களின் கையில் இருக்குமே, அது. தோட்டத்தில் பத்தொன்பது நாளாகக் காய் எடுக்க ஆளே இல்லை.

அறுபது. எழுபது. எழுபத்தொன்று.

டக். டக்.

வராந்தாவிலிருந்து அந்த மெஷினின் பெண் குரல் கேட்டது.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

சிலுவைராஜ் நாற்காலியோடு ஒட்டிப்போனான். யாராவது விரல் வைத்து, அது ரேகையைப் படிக்க முடியாமல் போனால்தான் அந்தக் குரல் வரும். ஈரம் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எழுந்து போய்ப் பார்த்தால் தீர்ந்தது. அவன் எழவில்லை.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

அஞ்சுவின் விரலையும் அது சட்டென்று எடுக்காது. ஏலக்காய்க் கறை ஏறிய விரல். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். அவள் சிரித்துக்கொண்டே விரலைப் பாவாடையில் துடைத்து, வாயருகே வைத்து ஒருமுறை ஊதிவிட்டுத் திரும்ப வைப்பாள்.

வெளியே துணியில் எதையோ துடைக்கிற சத்தம்.

ஃபூ.

"தேங்க்யூ," என்றது மெஷின்.

திரையில் எழுபத்திரண்டு வந்தது. பிறகு எதுவுமே நடக்காததுபோல எண்பது, தொண்ணூறு, நூறு என்று ஓடி, கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. மூலையில் மணி காட்டியது. 5.02.

அவன் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் அந்த வராந்தா வழியாகத்தான் ஓட வேண்டும். ஆஜர் பதிவைத் திறந்தான். மெஷினில் இருப்பது உள்ளே வர வேண்டுமென்றால் கேபிளைச் செருக வேண்டும். செருகினான்.

வரிகள் இறங்கின.

ஜூலை 18, மாலை 5.02, செபமாலையம்மாள்.

அதுதான் கடைசி வரியாக இருக்க வேண்டும். அதன் கீழே ஜூலை 19, மாலை 5.02, செபமாலையம்மாள். ஜூலை 20. ஜூலை 21. லயமும் இல்லை, வேலையும் இல்லை, தோட்டத்தில் ஒரு மனுஷரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், ஒரு நிமிஷம் முந்தாமல் பிந்தாமல், இன்றைய தேதி வரைக்கும் அவள் வந்திருந்தாள். பதினாறு வருஷத்தில் இப்படி ஓர் ஆஜரை அவன் யாருக்கும் பதிந்ததில்லை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் தாலுகா ஆபீசின் போன் நம்பர் இருந்தது. ஒரே ஒரு போன். மண்ணுக்குள் இன்னொரு ஆள் இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை. சிலுவைராஜ் அந்த நம்பரைப் படித்தான், இரண்டு தடவை படித்தான். கையும் போன் வரைக்கும் போனது. பிறகு வேலையை நினைத்தான், கையை இழுத்துக்கொண்டான். அந்த நிமிஷத்தில் அவன்மேல் அவனுக்கே அருவருப்பு வந்தது. வந்தும் என்ன, விரல் மவுசுக்குத்தான் போனது.

வரிகளை ஒவ்வொன்றாக அழிப்பது வீண். நாளைக்கும் வருவாள். விரலையே அழித்துவிட்டால்?

செபமாலையம்மாள் பேரைத் தேர்ந்தெடுத்தான். விரல் பதிவை நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினான். பேர் போனது, வரிகள் போயின, எல்லாம் போயின. துடைத்துவிட்ட பலகையாகத் திரை வெறிச்சோடியது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

துடைக்கிற சத்தம். ஊதுகிற சத்தம்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

இப்போது வேகமாக. துடைத்து, ஊதி. துடைத்து, ஊதி. மெஷின் மறுத்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. மழை மட்டும்.

ஜன்னலின் முதல் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் பதிந்தது. சேற்று ரேகை, சின்ன விரல். பக்கத்தில் ஆள் இல்லை, பனிதான். இரண்டாவது கண்ணாடியில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. ஏற்றுக்கொள்ளும் இடத்தைத் தேடுகிற விரல்.

கதவுத் தாழ்ப்பாள் அசையவில்லை. ஆனால் அடுத்தது கதவின் உள்பக்கத்தில் பதிந்தது.

பிறகு அலமாரிக் கண்ணாடியில்.

பிறகு மேசைக் கண்ணாடியில், தாலுகா ஆபீஸ் நம்பருக்கு நேர் மேலே. ஈரமாக. அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

திரை தானாகக் கறுத்தது. வெள்ளை எழுத்து வந்தது. எண் ஏறியது.

எழுபத்தொன்று. நின்றது.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் பாவாடைத் துணியில் விரலைத் துடைக்கிற சத்தம் கேட்டது, நிதானமாக.

பிறகு, அவன் பின்கழுத்தில் பட்டது, மண் வாடையோடு ஒரு குளிர்ந்த காற்று.

ஃபூ.