பின்னறைப் பிள்ளைகள்

ஷஹீரா மூச்சை விட்டு முடித்த பிறகும் அந்த இழுப்புச் சத்தம் நிற்கவில்லை.

சமையல்காரி கார்மென் குனிந்து பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து அடுத்த மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. சத்தமோ சுவரோரம், யாரும் படுக்காத கட்டிலிலிருந்து வந்தது.

சுங்கை சிப்புட் நகரைத் தாண்டி, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களாதான் இப்போது பிள்ளைகள் இல்லம். இழுப்பு வந்தால் நெஞ்சில் கோடாலித் தைலம் தேய்த்துப் பின்னறையில் படுக்க வைப்பார்கள். தைப்பிங்கிலிருந்து அதிகாரியின் அனுமதி வந்தால்தான் ஆஸ்பத்திரி. காத்திருந்து செத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தகரத்தில் மழை அறைந்தது. ஊறிய மரத்தின் வாடைக்கு மேல் தைலத்தின் காரம் ஏறியது. காலிக் கட்டில் கிறீச்சிட்டது.

"அந்த... அக்காவுக்கும்... முடியல," என்றாள் ஷஹீரா.

எந்த அக்கா? கார்மென் காலிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது. வாரித் தூக்கினாள்.

வாசலில் வார்டன் லூர்துசாமி மறித்தார். "மெசேஜ் போட்டிருக்கேன்லா. தைப்பிங் பெகாவாய் கூட்டத்துல இருக்காரு. கொஞ்சம் பொறு."

"இவள பொறுக்கச் சொல்லுங்கண்ணே. கேக்குறாளான்னு பாப்போம்."

"வேலை போயிரும், கார்மென்."

"போகட்டும்லா. நீங்களே பானை கழுவிக்குங்க."

அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. ஷஹீரா முன்சீட்டில். பின்னால் யாருமில்லை.

பின்கண்ணாடி உள்ளிருந்து பனித்தது.

தைல வாடை. ஓர் இழுப்பு. இன்னொன்று. பல.

சின்னக் கை ஒன்று பனியைத் துடைத்தது.

கார்மெனின் கால் பிரேக்கைத் தேடியது. நிறுத்தினால் ஷஹீரா செத்துவிடுவாள். காலை எடுத்தாள்.

"ஒழுங்கா உக்காருங்க," என்றாள், திரும்பாமல். "உங்களையுந்தான் கொண்டுபோறேன்."

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலுக்குச் சக்கர நாற்காலியோடு ஊழியன் தனேஷ் ஓடிவந்தான். தாதி ஷஹீராவுக்கு அங்கேயே ஆக்சிஜன் முகமூடி மாட்டினாள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. தனேஷ் மட்டும் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா... இத்தனை பேரா?"

பின்கதவு தானாகத் திறந்தது.

"எல்லாருக்கும் பதிவு போடு, தம்பி," என்றாள் கார்மென். "இனிமே ஒருத்தரும் காத்திருக்க மாட்டாங்க."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஷஹீராவுக்குப் பின்னால் வந்து நின்றன. மண் அடைத்த வாய்களைத் திறந்து, முகமூடிக்காக முகத்தை நீட்டின.