கொட்டாவி உட்கார்ந்த மூலை

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பாதான். அவர் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார்.

"அப்பா, செருப்புக்கு அடியில ஏன் வரி வரியா இருக்கு?"

"வழுக்காம இருக்கத்தாம்மா."

"வரி இருந்தா ஏன் வழுக்காது?"

அதற்கு மேல் அப்பாவுக்குப் பதில் தெரியாது. "இப்படித் துருவித் துருவிக் கேக்கறியே, நீ பொண்ணா, தேங்காய்த் துருவியா?" என்றார். அன்று ஒட்டிய பெயர், ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வந்துவிட்டது.

அவளும் மற்றவர்களுக்குப் பெயர் வைப்பாள். மூலை பெஞ்சில் உட்காரும் பையனுக்குக் 'கொட்டாவி' என்று வைத்தது அவள்தான். காலையில் அவன் நன்றாகத்தான் இருப்பான். மதியச் சாப்பாடு முடிந்து வகுப்பு தொடங்கியதும் வாய் 'ஆ'வென்று திறக்கும். பிறகு கண் சொருகும். பிறகு தலை மெதுவாகப் பெஞ்சில் சாயும்.

அந்தத் திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் காற்று பற்றிய பாடம். டீச்சர் ஒரு வரி வாசிக்க, முப்பத்திரண்டு பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

"காற்று நம்மைச் சுற்றி எங்கும் உள்ளது!"

முப்பத்திரண்டு இல்லை, முப்பத்தொன்று. கொட்டாவி தூங்கிப்போயிருந்தான்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். அவன் தோளைத் தொட்டு எழுப்பினார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று துருவிக்குத் தோன்றியது.

"நாலு மாசமா பாக்கறேன்ப்பா. வெள்ளிக்கிழமை உங்க அம்மாவை வரச் சொல்லு. இப்படியே போனா உன்னை நாலாம் வகுப்புலதான் உக்கார வைக்கணும்."

பள்ளி விட்டதும் கொட்டாவி குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தான். துருவி பக்கத்தில் போய் நின்றாள்.

"வீட்டுல எப்போ தூங்குவ?"

"எட்டரைக்கே."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குவியா?"

"சேச்சே! நாள் பூரா பந்து விளையாடுவேன்."

"அப்போ இங்க மட்டும் ஏன் தூக்கம் வருது?"

"தெரியலையே. வேணும்னேவா தூங்கறேன்? டீச்சர் சொல்றது முதல்ல நல்லா கேக்கும். அப்புறம் தூரத்துல கேக்கும். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் டீச்சர் என்னை எழுப்புவாங்க."

துருவிக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்காததைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"உனக்கு அந்தப் பேரு வச்சது நான்தான்," என்றாள்.

"தெரியும்."

"கோவமா?"

"பேரு கெடக்கட்டும். நாலாம் வகுப்புல என் தம்பி படிக்கறான். அவன் பக்கத்துல உக்காந்தா, அவன் எனக்குப் பாடம் சொல்லித் தர ஆரம்பிச்சிடுவான். அவனைப் பத்தி உனக்குத் தெரியாது."

துருவி அன்று மாலை முழுவதும் அதையே யோசித்தாள். காலையில் விழித்திருக்கிறான். வீட்டிலும் விழித்திருக்கிறான். மத்தியானம், அந்த மூலையில் மட்டும் தூங்குகிறான். அப்படியானால் தூங்க வைப்பது எது? அந்த மூலை சூடாக இருக்குமோ?

மறுநாள் வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். மூலை பெஞ்சின் மேல் வைத்து, பத்து நிமிடம் காத்திருந்தாள். திரையில் எண் எதுவும் வரவில்லை.

பள்ளிக்கு எதிரே மருந்துக்கடை இருந்தது. இடைவேளையில் டீச்சரிடம் கேட்டுவிட்டு அங்கே ஓடினாள்.

"அண்ணா, இது கெட்டுப்போச்சா?"

மருந்துக்கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. யாருக்குக் காய்ச்சல்?"

"பெஞ்சுக்கு."

அவர் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைக் கழற்றினார். அதற்குள் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. "உன்னோடது உடம்புச் சூட்டைத்தான் காட்டும். இது அறைச் சூட்டைக் காட்டும். மருந்து கெடாம இருக்கணும்ல, அதுக்காக மாட்டி வச்சிருக்கேன். மூணு நாளைக்கு எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு, என்ன கண்டுபிடிச்சேன்னு எனக்கு வந்து சொல்லணும்."

அன்று மதியம் டீச்சர் வகுப்புக்குள் வந்தபோது துருவி ஜன்னல் ஓரத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னம்மா இது? பாடத்துக்கு நேரமாச்சு."

"டீச்சர், அவன் தூங்கறானா, அந்த மூலை தூங்க வைக்குதான்னு பாக்கறேன்."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். துருவியைப் பார்த்தார். "எனக்கே தெரியாது," என்றார் மெதுவாக. "சரி, பாத்துடலாம்."

ஜன்னல் ஓரத்தில் முப்பத்தொரு டிகிரி. கரும்பலகை அருகே முப்பத்தொன்று. நடுவில் முப்பத்தொன்று. மூலையில் எவ்வளவு இருக்கும் என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

முப்பத்திரண்டு.

"ப்பூ! ஒரே ஒரு டிகிரிதானா?" என்றாள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி.

துருவியின் முகம் வாடிவிட்டது. கொட்டாவி தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்போ நான்தான் தூங்குமூஞ்சி," என்றான்.

"இரு, இரு. இன்னொண்ணு பாக்கலாம். இடத்தை மாத்திப் பாத்தா?" என்றாள் துருவி.

புதன்கிழமை கண்ணாடிக்காரி மூலைக்குப் போனாள். கொட்டாவி அவளுடைய ஜன்னல் ஓர இடத்துக்கு வந்தான். "நான் எல்லாம் தூங்கவே மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மதியம் இரண்டாவது பாடவேளையில் அவள் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது பெஞ்சில் விழுந்து 'டக்'கென்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் ஓரத்தில் கொட்டாவி கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு மாதத்தில் முதல் முறையாக மதிய வகுப்பில் கணக்கு ஒன்றைச் சரியாகப் போட்டிருந்தான்.

"ஒருத்தியை வச்சு முடிவு பண்ண முடியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"முடியாது டீச்சர். இன்னொருத்தர் உக்காரணும்," என்றாள் துருவி.

"யாரு?"

எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டினார்கள். தூங்கினால் கேலி செய்வார்களே!

"சரி, நானே உக்காரறேன்," என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை மதியம் எல்லோருக்கும் எழுத்து வேலை கொடுத்துவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டோடு டீச்சர் மூலை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆறு நோட்டைத் திருத்தினார். ஏழாவது நோட்டில் ஒரு 'சரி' போட ஆரம்பித்தார். அந்தச் சரியின் வால் நீண்டுகொண்டே போய், நோட்டைத் தாண்டிப் பெஞ்சில் முடிந்தது.

"உஷ்ஷ்!" என்றாள் துருவி. முப்பத்திரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எங்கிருந்தோ மெல்லிய குறட்டை வந்தது.

சட்டென்று டீச்சர் நிமிர்ந்தார். "நான் தூங்கலை. யோசிச்சிட்டு இருந்தேன்."

"பதினொரு நிமிஷம் யோசிச்சீங்க டீச்சர். குறிச்சு வச்சிருக்கோம்," என்றான் கொட்டாவி.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. டீச்சரும்தான். சிரித்து முடித்ததும் அவர் கொட்டாவியை வேறு மாதிரிப் பார்த்தார்.

"சரி, அப்போ மூலைதான் காரணம். ஆனா சூடு இல்லை. வேற என்ன?"

துருவி அதற்காகத்தான் காத்திருந்தாள். "டீச்சர், காத்து எங்கயும் இருக்குன்னு புத்தகத்துல இருக்கு. ஆனா அது அசையுதான்னு போடலை."

அவள் பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தாள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய தாள். அப்பா கடையிலிருந்து வாங்கி வந்து, ரிப்பன் போல நீள நீளமாக வெட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் மேலே நூல் கட்டி அவற்றைத் தொங்கவிட்டார்கள். நிறுத்தியிருந்த மின்விசிறியை மறுபடி போட்டதும் வகுப்பு முழுவதும் தாள்கள் படபடத்தன.

மூலையில் இருந்த தாள் மட்டும் அசையாமல் தொங்கியது.

"ஏன்?" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதுவரை அந்த வகுப்பில் 'ஏன்' என்பது துருவிக்கு மட்டும் சொந்தமான சொல்.

கொட்டாவிதான் முதலில் பார்த்தான். "அந்த பீரோ!"

மூலை பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு பீரோ நின்றது. மின்விசிறியின் காற்று அதைத் தாண்டி வரவே முடியாது. துருவி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர்! பின்னாடி ஏதோ மரக்கட்டை தெரியுது. கொக்கி கூட இருக்கு. ஜன்னல் டீச்சர்!"

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். மேலே தொங்கும் தாள்களையும் கூட்டமாக நிற்கும் பிள்ளைகளையும் பார்த்தார்.

"டீச்சர், பாடம் எதுவும் நடக்கலையா?"

"காற்று பாடம்தான் சார் நடக்குது. உள்ள வாங்க, நீங்களும் பாருங்க."

அவர் உள்ளே வந்தார். மூலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். ஒரு கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிட்டு, "நாளைக்கு நகர்த்திடுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை பீரோவைக் காலி செய்தார்கள். எல்லோரும் வரிசையாக நின்று, பழைய விடைத்தாள் கட்டுகளைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே அனுப்பினார்கள். அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால், காந்தம், பூதக்கண்ணாடி, சின்னத் தராசு! விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. ஓரத்தில், மருந்துக்கடைக்காரர் கொடுத்ததைப் போலவே சிவப்புக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று.

"இதுக்கா நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்?" என்றாள் துருவி.

"பிள்ளைங்க உடைச்சிடுவாங்கன்னு யாரோ பத்திரமா வச்சுப் பூட்டிட்டாங்க போல," என்ற டீச்சருக்கு முகம் சிவந்தது. பெட்டியைத் தூக்கித் தன் மேசை மேல், எல்லோருக்கும் எட்டும்படி வைத்தார்.

காலி பீரோவை எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். கொட்டாவி முன்னால் நின்று, "ஏய், தம் கட்டித் தள்ளு! இன்னும் கொஞ்சம்!" என்று குரல் கொடுத்தான். துருப்பிடித்த கொக்கியை டீச்சர் தட்டித் தட்டி விடுவித்தார். ஜன்னல் கதவு கிறீச்சென்று திறந்தது. ஜில்லென்று காற்று உள்ளே வந்தது. மூலைத் தாள் ஒரு துள்ளு துள்ளியது.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். தையற்கடையிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"டீச்சர், வரச் சொன்னீங்களாம். எம் பையன் என்ன செஞ்சான்?"

கொட்டாவியின் கை அந்தரத்தில் நின்றது.

டீச்சர் கையிலிருந்த துருவைத் துடைத்தார். "அவன் ஒண்ணும் செய்யலைங்க. தூங்கறான்னு நாலு மாசமா அவனைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன். அவனை எங்க உக்கார வச்சிருக்கேன்னு நான் பாக்கவே இல்லை. தப்பு என் மேலதான்." பிறகு பையனைப் பார்த்து, "நாலாம் வகுப்பெல்லாம் வேண்டாம்ப்பா. இங்கயே இரு," என்றார்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டாவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தாளையும் பீரோவையும் ஜன்னலையும் காட்டிப் படபடவென்று விளக்க ஆரம்பித்தான். விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

சாயங்காலம் துருவி கண்ணாடிக் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். டீச்சர் குறட்டை விட்டதை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம். காற்று பாடத்தின் அடுத்த பக்கத்தை டீச்சர் திறந்தார். ஒரு வரி வாசிப்பதற்குள் மூலை பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், எங்க அம்மா துவைச்ச துணி காயறது வெயிலாலயா, காத்தாலயா?"

டீச்சர் யோசித்தார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எதனால அதிகம்னு எனக்கும் சரியாத் தெரியலையே. யாராவது ரெண்டு கைக்குட்டையை நனைச்சுக் கொண்டு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு குழாயடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.